ராகுலனின் கைராசியும் கொம்பியூட்டர் பிரசங்கமும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பல் வைத்தியரின் டிஸ்பென்சரிக்கும் மிளகாய் அரைக்கும் மில்லுக்கும் நடுவே எங்கள் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, பிரின்ட், லமினேட், பாஸ்போர்ட் படம், சகலவிதமான ஒன்லைன் விண்ணப்பங்களும் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். சனம் உண்மையில் எதற்கு வருகிறது என்பதை அதில் எழுதவில்லை. சனம் வருவது என் மனுசன் ராகுலனின் கைக்கு.

உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகிப் பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்துவிட்டால் எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ திருப்ப இடமிராது. இந்தக் காலத்தில் விண்ணப்பத்தைக் கைபேசியிலேயே நிரப்பலாம். பிள்ளைகள் வீட்டில் இருந்தே நிரப்பிக்கொண்டும் வருகிறார்கள். ஆனால் கடைசியில் ‘அனுப்பு’ என்ற அந்தப் பொத்தானை இவர்தான் அமத்த வேண்டும். ராகுலன் அமத்தினால் கம்பஸ் நிச்சயம் என்று ஒரு பேச்சு. பல வருசங்களுக்கு முன், கடதாசி விண்ணப்பக் காலத்தில், படிப்பித்தவர்களே கைவிட்ட ஒரு பிள்ளைக்கு இவர் நிரப்பிக் கொடுத்து அவளுக்கு மொறட்டுவைக் கம்பஸில் எஞ்சினியரிங் கிடைத்துவிட்டது. தாய்க்காரி கோயிலில் பொங்கல் வாங்கும் வரிசையில் நின்று அதைச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த வருசம் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள்.

கத்தோலிக்கத் தாய்மார் இவர் அமத்தும்போது சிலுவை போட்டுக்கொள்வார்கள். கொம்பனித்தெருவிலிருந்து வரும் அஸீஸா, “பிஸ்மி சொல்லிட்டு அமத்துங்க” என்பார். இவரும் மறுக்காமல் சொல்லிவிட்டுத்தான் அமத்துவார். எங்கள் சனம் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வரும். ஒழுங்கை முடிவில் இருக்கும் சிங்களப் பெண்மணி போகிற வருகிறவர்களிடமெல்லாம், “ராகுலன் அய்யேகே அத ஹொந்தய்” என்று, இவர் கை நல்ல கை என்பதற்கு நற்சான்று கொடுப்பார். இவருக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்த நாட்களில் இவர் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டுதான் கடைக்கு இறங்குவார்.

ஆனால் கை சும்மா கிடைக்காது. அதற்கு முன் பிரசங்கம் கேட்க வேண்டும்.

“தம்பி, இஞ்ச பார். எஞ்சினியரிங் கிடைச்சா முதல் வருசம் எல்லாருக்கும் ஒரே பாடம். பிறகு மார்க்ஸ் பாத்துத்தான் பிரிவு குடுப்பாங்கள். அப்ப என்ன செய்யிறாய், கொம்பியூட்டரை முதலாவதாப் போடுறாய். அது இல்லாட்டி எலெக்ட்ரோனிக்ஸ். அதுவும் இல்லாட்டி எலெக்ட்ரிக்கல். சிவில் மட்டும் வேண்டாம். கட்டட வேலை நிண்டா அண்டைக்கே சம்பளமும் நிண்டிடும். விளங்குதோ?”

“ஓம் அங்கிள்” என்று பிள்ளை சொல்லும். தாய் தலையாட்டுவாள். பிறகுதான் இவர் விரல் எழும்பும்.

நாலைந்து வருசம் கழித்து அதே பிள்ளை பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து தரும். அப்போதும் இவர் விடமாட்டார். “கொம்பியூட்டர் தானே?” என்று கேட்பார். “ஓம் அங்கிள்” என்று பதில் வரும். உடனே படத்தின் அடியில் பெயரையும் ‘கொம்பியூட்டர்’ என்பதையும் அச்சடித்து, லமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டிவிடுவார். அந்தச் சுவரைப் பார்த்தால் இந்த நாட்டில் பாலம் கட்டவோ லைட் எரிய வைக்கவோ ஒரு எஞ்சினியரும் இல்லை, எல்லாரும் கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள்.

இவருக்கு ஏன் சிவில்மேல் இத்தனை கோபம் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். இவர் தானாகச் சொல்ல மாட்டார்.

இவர் யாழ்ப்பாணத்திலிருந்து இளந்தாரியாகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருந்து, கட்டடப் படம் கீறப் படித்தவர். படித்து முடித்ததும் ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞர் வேலை. அந்த வேலையைக் காட்டித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நாங்கள் கலியாணம் கட்டின வருசம் நாட்டில் கட்டட வேலையெல்லாம் படுத்துவிட்டது. நிறுவனம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. இவரையும் அனுப்பியது. அதை இந்த மனுசன் எனக்குச் சொல்லவில்லை. காலையில் நான் கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பார்சலோடு வேலைக்குப் போகிறவர் போலப் போய், பின்னேரம் களைத்தவர் போலத் திரும்பி வந்தார். ஒருநாள் பம்பலப்பிட்டிக்குச் சாமான் வாங்கப் போன நான், பஸ் தரிப்பிடத்தில் மடியில் பார்சலை வைத்துக்கொண்டு, வந்த பஸ் ஒன்றிலும் ஏறாமல் இருந்த ஒருவரைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் என் புருசன்.

அன்றைக்கு நான் ஏசின ஏச்சு இப்போதும் இவருக்குப் பாடம். வேலை போனதற்கு நான் ஏசவில்லை. சொல்லாமல் விட்டதற்கு ஏசினேன். அந்தப் பார்சலை அதே பஸ் தரிப்பிடத்தில் பிரித்து இரண்டு பேருமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

பிறகு என் சங்கிலியை விற்றுப் பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கினோம். இவர் அதில் கடிதம் அடித்துக் கொடுத்தார், சுயவிபரம் அடித்துக் கொடுத்தார், கலியாணக் குறிப்பு அடித்துக் கொடுத்தார். வெளிநாட்டுக்குக் கதைக்கும் டெலிபோன் கண்ணாடிக் கூண்டு வைத்தோம். அந்தக் காலம் போய் இன்டர்நெட் வந்தது. எது வந்தாலும் அந்தப் பெட்டி எங்களுக்குச் சோறு போட்டது. சரஸ்வதி பூசைக்கு மற்ற வீடுகளில் புத்தகம் வைப்பார்கள். இவர் கீபோர்ட்டைத் துடைத்து அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார்.

எங்களுக்கு ஒரே மகள் மிதுனா. கடைக்கு மேலேதான் வீடு. அவள் படிக்கிற மேசைக்கு முன்னால் ஜன்னல், ஜன்னலுக்கு நேரே அடுத்த வளவு. அந்த வளவில் இருந்த பழைய வீட்டை இடித்து மாடி வீட்டுத் தொகுதி கட்டத் தொடங்கியபோது அவள் சின்ன வகுப்பில் இருந்தாள். நிலத்துக்குள் தூண் இறக்கும்போது எங்கள் கடை முழுக்க அதிரும். போட்டோ கொப்பியில் எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாக விழும். இவர் ஒழுங்கையில் இறங்கி அவர்களோடு சிங்களத்தில் சண்டை பிடிப்பார். நாட்டில் காசுக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு வந்த வருசம் அந்த வேலை அப்படியே நின்றது. கம்பிகள் துருப்பிடித்தன, கிடங்கில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகியது. “பாத்தியளே, நான் சொன்னனானெல்லோ” என்று இவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னார். நுளம்புக்குப் பயந்து நாங்கள் ஜன்னலை மூடினோம். மிதுனா மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, எப்போது திரும்பத் தொடங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே படித்தாள்.

திரும்பத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அவளுடைய கேள்விக்குக் கணக்கில்லை. “அப்பா, ஏன் அந்தத் தட்டுக்கு மட்டும் கம்பி அவ்வளவு நெருக்கமாக் கட்டுறாங்கள்? அப்பா, பால்கனி வெளிய நீட்டிக்கொண்டு நிக்குது, கீழ தூண் இல்லை, அது எப்பிடி விழாமல் நிக்குது?” இவர் முதலில், “உனக்கேன் அந்த வேலை, சோதினைக்குப் படி” என்பார். பிறகு பழுதாய்ப் போன கொப்பித் தாள் ஒன்றைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் கீறத் தொடங்குவார். கீறும்போது இவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கொம்பியூட்டருக்குப் பொட்டு வைக்கும்போதுகூட அந்தச் சந்தோசம் இராது. நான் அப்போதே நினைத்தேன், இந்த மனுசன் தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுகிறார் என்று.

அவளுடைய உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. நல்ல முடிவு. கணிதப் பிரிவில் பிள்ளை நன்றாகச் செய்திருந்தாள். ஆனால் கொழும்பு மாவட்டத்துப் போட்டி எப்படி என்று கொழும்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். முந்திய வருசங்களின் வெட்டுப்புள்ளிகளை வைத்து இவர் கணக்குப் பார்த்தார். மொறட்டுவைக்குக் கொஞ்சம் போதாது. பேராதனை எஞ்சினியரிங்குக்குத் தாராளம். கொழும்பிலேயே கொம்பியூட்டர் படிப்புக்கும் தாராளம். விண்ணப்பத்தில் எதை மேலே போடுகிறோமோ அதுதான் வரும். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதற்குத் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே அந்த முதலாம் இடத்தில்தான் பிள்ளையின் சீவியம் முழுக்க இருந்தது.

இவர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தட்டத் தொடங்கினார். “முதலாவது, கொழும்பில கொம்பியூட்டர். வீட்டில இருந்து போய் வரலாம், மூண்டாம் வருசமே கொம்பனியள் கூப்பிட்டு வேலை குடுப்பாங்கள். இரண்டாவது பேராதனை. சரிதானே பிள்ளை?”

“மாறிப் போடுங்கோ அப்பா. பேராதனை முதலாவது.”

“அங்க போனாலும் கொம்பியூட்டர் பிரிவு கிடைக்கும் எண்டு என்ன நிச்சயம்?”

“நான் கொம்பியூட்டர் கேக்கப் போறேல்லை. சிவில் செய்யப் போறன்.”

இவர் மெதுவாக எழும்பிச் சுவரைக் காட்டினார். “இந்தப் பிள்ளையளைப் பார். ஒவ்வொருத்தருக்கும் நான் வாய் நோகச் சொன்னனான். கேட்டினம், படிச்சினம், இண்டைக்கு நல்லா இருக்கினம். ஊர்ப் பிள்ளையள் கேட்டுது. என்ர பிள்ளை கேக்கேல்லை.”

“அவையள் நல்லா இருக்கட்டும் அப்பா. எனக்கு விருப்பம் இதுதான்.”

“அப்ப நீயே அமத்து.”

“மாட்டன்” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “ஊரில எல்லாருக்கும் நீங்கள்தான் அமத்தினியள். எனக்கும் நீங்கள்தான் அமத்த வேணும்.”

இரண்டும் ஒரே வார்ப்பு. இவர் அமத்த மாட்டார், அவள் அமத்த மாட்டாள். விண்ணப்பம் அப்படியே திரையில் கிடந்தது. வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. “அம்மா, அப்பாவுக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ.” “உம்மட மகளிட்டச் சொல்லும், எனக்கு வேண்டாம் எண்டு.” மூன்று பேர் இருக்கிற வீட்டில் நான் தபால்காரியாகிவிட்டேன். எனக்கும் மனதுக்குள் பிள்ளை கொழும்பிலேயே இருந்தால் நல்லது என்றுதான் ஆசை. பேராதனைக்குப் போனால் நான் யாருக்குச் சோறு குழைத்துக் கொடுப்பது? ஆனால் அவள் அந்த ஜன்னலில் நின்ற நிம்மதியை நான் எத்தனை வருசம் பார்த்தவள். கொம்பியூட்டருக்கு முன்னால் அந்த முகத்தை நான் ஒருநாளும் காணவில்லை. இவரிடம் அதைச் சொன்னேன். “முகத்தைப் பாத்து ஆரும் வேலை குடுக்கிறேல்லை” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று குழம்பில் உப்புக் கூடிப்போனது.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் பௌர்ணமி, போயா நாள். கடைக்கு விடுமுறை, கட்டட வேலைக்கும் விடுமுறை. ஒழுங்கை சத்தமில்லாமல் கிடந்தது. காலையில் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். திறந்தால் கொட்டாஞ்சேனை ரெனால்ட், பக்கத்தில் அவன் தங்கச்சி ரொஷேல். இவர்களின் தகப்பன் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர், என் மனுசன் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்த காலத்துச் சினேகிதர். ரெனால்டுக்கும் இவர்தான் அமத்தினார், அவனும் பேராதனைக்குப் போனான். சுவரில் நடுவில் இருப்பது அவன் படம்தான். அங்கியோடு பல் தெரியச் சிரிப்பு, கீழே ‘கொம்பியூட்டர்’.

“தங்கச்சிக்கும் நீங்கள்தான் அமத்த வேணும் அங்கிள். அம்மா அனுப்பினவ” என்று கேக் பெட்டியை நீட்டினான்.

வாடிப்போய் இருந்த மனுசனுக்கு உயிர் வந்துவிட்டது. மேலே இருக்கும் மிதுனாவுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கூட்டிப் பிரசங்கத்தைத் தொடங்கினார். “இஞ்ச பாரம்மா ரொஷேல். நீ வேற ஆரையும் பாக்கத் தேவையில்லை. உன்ர அண்ணனைப் பார். நான் சொன்னதைக் கேட்டுக் கொம்பியூட்டர் செய்தவன். இண்டைக்கு என்ன குறை அவனுக்கு?”

ரொஷேல் இவரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். “அண்ணா சிவில் தானே, அங்கிள்?”

ரெனால்ட் அவள் காலை மிதித்தான். அது எனக்குத் தெரிந்தது, இவருக்கும் தெரிந்தது.

“என்ன சொல்லுறாள் இவள்?”

“அங்கிள்...” ரெனால்ட் தலையைக் குனிந்துகொண்டான். “நான் சிவில்தான் செய்தனான். துறைமுகத்தில புது இறங்குதுறை கட்டுறாங்கள், அங்கதான் வேலை.”

“நீ கொம்பியூட்டர் எண்டெல்லோ சொன்னாய்.”

“நீங்கள் கேட்டியள் அங்கிள். இல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை. நீங்கள் அவ்வளவு ஆசையாக் கேட்டியள்.”

இவர் சுவருக்குக் கிட்டப் போனார். பிறகு பக்கத்துப் படத்தைத் தொட்டார். அது அஸீஸாவின் மகள் ஹிபா. “இவள்? உன்னோட படிச்சவள் தானே?”

“ஹிபா கெமிக்கல், அங்கிள்.”

“தாய்க்காரி வட்டிலப்பம் கொண்டு வந்தாவே.”

“அது கம்பஸ் கிடைச்சதுக்கு.”

“மூலையில நிக்கிற இந்தப் பெடியன்?”

ரெனால்டின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அவன் கொம்பியூட்டர்தான் அங்கிள். அவன் மட்டும் நீங்கள் சொன்னதைக் கேட்டவன்.” பிறகு மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ, “இப்ப பேங்கில வேலை செய்யிறான்” என்றும் சொன்னான்.

என்னால் முடியவில்லை. வாயைப் பொத்திப் பார்த்தேன், சேலைத் தலைப்பை வைத்து அடைத்துப் பார்த்தேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “இஞ்சேருங்கோ, இனியாவது விளங்கிக்கொள்ளுங்கோ. சனம் உங்கட கையைத் தேடித்தான் வருது. வாயைத் தேடி ஒருத்தரும் வரேல்லை.”

இவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், இத்தனை வருசமாக ஒட்டி ஒட்டி வைத்த சுவர். நான் கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இவர் கேட்டார். “ரெனால்ட், அந்தத் தட்டுப்பாட்டு வருசம் கட்டட வேலை எல்லாம் நிண்டதே. அப்ப நீ?”

“எனக்கும் நிண்டது அங்கிள். மாசக் கணக்கில வீட்டில இருந்தன். அப்பாவும் பென்ஷன். சரியான கஷ்டம். பிறகு திரும்ப எடுத்தாங்கள்.”

“அப்ப என்னட்ட வந்திருக்கலாமே. நான் படவரைஞனா இருந்தவன். எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருந்திச்சினம். ஒரு சுயவிபரமாவது அடிச்சுத் தந்திருப்பன். ஏன் வரேல்லை?”

“எப்பிடி அங்கிள் வாறது?” ரெனால்ட் சுவரைக் காட்டினான். “இஞ்ச நான் கொம்பியூட்டரெல்லோ.”

இவர் தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பம்பலப்பிட்டி பஸ் தரிப்பிடம் இருந்தது. எனக்குத் தெரியும். மடியில் பார்சலை வைத்துக்கொண்டு, சொல்ல வழி தெரியாமல் இருந்த மனுசனை நான் மட்டும்தானே கண்டவள். ரெனால்டும் அப்படித்தான் எங்கோ இருந்திருக்கிறான். எங்கள் கடைக்கு வர ஒரே பஸ் போதும், ஆனாலும் வர முடியாமல் இருந்திருக்கிறான்.

இவர் எழும்பி, கத்தரிக்கோலால் ‘கொம்பியூட்டர்’ என்ற துண்டைக் கவனமாக வெட்டி எடுத்தார். புதிதாக ‘சிவில்’ என்று அச்சடித்து ஒட்டினார். ஹிபாவுக்கும் மாற்றினார். மூலையில் இருந்தவனை அப்படியே விட்டார். பிறகு ரொஷேல் பக்கம் திரும்பினார்.

“நீ என்னம்மா செய்ய விருப்பம்? எனக்காக ஒண்டும் சொல்லாத.”

“எலெக்ட்ரிக்கல், அங்கிள்.”

“உண்மையாவோ?”

“உண்மையா. நீங்கள் சொல்லுற லிஸ்டிலயும் அது இருக்கிறதால சொல்லேல்லை.”

அவளுக்கு அமத்தினார். ரெனால்ட் சிலுவை போட்டுக்கொண்டான். அவர்கள் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேலே பார்த்து, “மிது” என்று கூப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேரடியாக வந்த கூப்பிடல்.

அவள் படியில்தான் இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இந்தச் சுவரில இருக்கிற அவ்வளவு பேரும் எனக்கு ஓம் எண்டு சொன்னவை” என்றார் இவர். “நீ ஒருத்திதான் மாட்டன் எண்டு சொன்னனி. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மை சொன்னதும் நீ ஒருத்திதான்.” கீபோர்ட்டைக் கிட்ட இழுத்தார். “சிவிலில வேலை நிக்கும். நிக்காது எண்டு நான் சொல்ல மாட்டன். நிண்டா என்னட்டச் சொல்லுவியோ?”

“உங்களிட்டச் சொல்லாமல் ஆரிட்ட அப்பா சொல்லுறது?”

பேராதனையை முதலாம் இடத்துக்கு ஏற்றினார். சேர்ட்டில் கையைத் துடைத்தார். அமத்தினார். அவள் ஓடி வந்து இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, சந்தோசத்தில்தான் அழுதேன். பாதிக்குப் பாதி பிள்ளை போகப் போகிறாளே என்ற கவலையும்தான்.

பேராதனை கிடைத்தது. கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். ஹொஸ்டலில் சோறு சரியில்லை, குளிர், மழை என்று முதல் மாதம் முழுக்க முறைப்பாடு. இரண்டாம் மாதம் முறைப்பாடு குறைந்தது. மூன்றாம் மாதம் எனக்குப் போன் எடுக்கவே அவளுக்கு நேரமில்லை. இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இவர் பிரசங்கம் செய்வதில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இவர் செய்கிறார். எந்தத் துறையில் எப்போது வேலை நிற்கும், எப்போது திரும்ப வரும் என்று எல்லாப் பிரிவுக்கும் நியாயமாகப் பிரித்துப் பயமுறுத்துகிறார். கடைசியில் மட்டும், “இனிச் சொல்லு, உனக்கு எது விருப்பம்? எனக்காகச் சொல்லாத” என்கிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறார்கள். சுவரில் இப்போது மெக்கானிக்கல் இருக்கிறது, கெமிக்கல் இருக்கிறது, ஒரு மூலையில் ‘பேங்’ என்றும் இருக்கிறது.

முதல் வருசம் முடிந்து பிரிவு தெரிவு செய்யும் நாள் வந்தது. கடை நிறையச் சனம். ஒரு பெண் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்கக் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, கடையிலயோ நிக்கிறியள்? பிரிவு போடச் சொல்லிட்டாங்கள். பாஸ்வேர்ட் அனுப்பியிருக்கிறன். உள்ள போய் நீங்கள் அமத்துங்கோ.”

“அங்க உன்ர கையில போன் இருக்குத்தானே?”

“இருக்கு. நீங்கள் அமத்துங்கோ.”

இவர் அந்தப் பெண்ணின் சான்றிதழை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். உள்ளே போனார். எல்லாம் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. “முதலாவது சிவில்” என்று வாசித்தார்.

“ஓம் அப்பா.”

விரலை எடுத்துவிட்டார். “இது இந்தச் சுவரில இருக்கிறவை சொன்ன ஓமோ, உன்ர ஓமோ?”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “என்ர ஓம்.”

அமத்தினார். கடையில் நின்ற சனம் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டியது. போனை வைக்கப் போனவர் திரும்ப எடுத்தார். “நிண்டா உடன சொல்ல வேணும்.”

“என்ன அப்பா நிண்டா?”

“வேலை.”

“எனக்கு இன்னும் வேலையே கிடைக்கேல்லையே அப்பா.”

“பரவாயில்லை. இப்பவே சொல்லி வைக்கிறன்” என்று போனை வைத்துவிட்டு, காத்திருந்த பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்கப் போனார்.